பதினைந்து கிலோ

சரக்கு விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோ.
தராசு பொய் சொல்லாது என்கிறார் ஹாங்கரில் இருப்பவர்,
அதன் ஒரு கால் அட்டைத்துண்டின் மேல் நிற்கிறது.

மூன்று மாதம். கடை கிடையாது.
கைபேசிக்குக் கோபுரம் கிடையாது.
முக்கோணமாய் ஒரு பவளத்திட்டு, ஓடுபாதை, பலூன் கூடம்,
வானத்தைக் குறித்து அனுப்ப நாங்கள் பத்துப் பேர்.

விருந்துகளில் கேட்பார்களே,
ஆளில்லாத் தீவுக்கு எதை எடுத்துப் போவாய் என்று,
அப்போதெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறேன்.
ஒருமுறை 'மௌனம்' என்றுகூட.
(ஒயின் குடித்திருந்தேன்.)
இப்போது பற்பசை நூற்று எழுபது கிராம்.
உமேபோஷி ஒரு டப்பா, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.
இஸோகாய் ஐந்து கிலோ காப்பிக்கொட்டை கொண்டுவருகிறார்,
மாற்றுச் சட்டை ஒன்றே ஒன்று.

ஸ்வெட்டரை வெளியே எடுத்தேன்.
அந்த இடத்தில்
மூடியில் பாதிப் பூனை ஒட்டியிருக்கும் பழைய கேம் கருவி.
காலுறைகளுக்கு நடுவே வட்டுப் பெட்டி:
கடலடியில் நடக்கும் யோமொகி என்ற துருப்பிடித்த ரோபோ,
இருபத்தாறு பகுதி.

*

பனிமலைக் கணவாயில் அந்த ஓநாய்
பன்னிரண்டு வயதில் என்னைத் தின்றது.
முப்பத்தேழு வயதிலும் தின்கிறது.
கட்டைவிரல்தான் முன்பைவிடச் சீக்கிரம் வலிக்கிறது.

யோமொகியை நாளுக்கு ஒரு பகுதி என்று ரேஷன் போட்டேன்.
நான்காம் நாளே நான்கு பார்த்தேன்.
படம் இவ்வளவு மோசமாக வரையப்பட்டிருந்ததா?
ஒரே அலை திரும்பத் திரும்ப,
அதே மூன்று மீன் இடமிருந்து வலம்.
இருந்தாலும் தலைப்பிசை வந்ததும்
முதுகு தானாக நிமிர்ந்தது.

எனக்கு முடிவு தெரியும்.
யோமொகி கரைக்கு வந்து மல்லாந்து கிடக்கும்,
மார்புக்கூட்டிலிருந்து தண்ணீர் வடியும்,
பக்கத்தில் நிற்கும் சிறுமியிடம் கேட்கும்:
"மேலே இருக்கிறதே, அந்தக் கடலுக்கு என்ன பெயர்?"

வேலைக்கான நேர்காணலில் இதைத்தான் சொன்னேன்.
மூன்று பேரும் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்கள்.

இருபத்தாறாம் பகுதியில்
யோமொகிக்குப் புதிய நீலப் பெயின்ட் அடிக்கிறார்கள்.
எல்லோரும் கைதட்டுகிறார்கள்.
பிறகு பொம்மை விளம்பரம்.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன்.
இருபத்தேழு என்று ஒன்று இல்லை.

*

ஞாயிறு, செயற்கைக்கோள் தொலைபேசியில் ஆளுக்கு ஆறு நிமிடம்.
அண்ணன் தெய்ஜி ஹகோதாதேயில் மீன் லாரி ஓட்டுகிறான்.
ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே
ஒரு விழுங்கல் அளவு தாமதம்.

"ரோபோவா? எந்த ரோபோ?"
குளிர்ப்பெட்டியின் உறுமல்.
"ஓ. அன்றைக்குப் புயல். ஆன்டெனா விழுந்துவிட்டது.
நீ நிறுத்தாமல் அழுதாய். மேல்கட்டிலில் எனக்குத் தூக்கம்.
எதையாவது சொல்லியிருப்பேன்."

என்ன சொன்னாய் என்று ஞாபகமிருக்கிறதா?

தாமதம்.
அதற்கும் மேலே கொஞ்சம்.

"இல்லை. ஏன், நன்றாக இருந்ததா?"

நான்கு நிமிடம் போயிருந்தது.
பின்னால் முகாய், மனைவிக்குச் சொல்ல வேண்டியதை
உள்ளங்கையில் எழுதிக்கொண்டு நிற்கிறார்.
பரவாயில்லை, சும்மா கேட்டேன் என்றேன்.
நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம்.

வைக்கப் போகும்போது அவன்,
"அந்த ஓநாய்? தாண்டிவிட்டாயா?
உப்புப் போடு, மண்டு. வாளை எடுக்காதே.
அதற்கு உப்புத்தான் வேண்டும்."

பையைத் திறந்து பார்த்தேன், விளையாட்டில் இருக்கும் பையை.
கயிறு, விளக்கு, உடைந்த மணி,
கடைசிக் கட்டத்தில் ஓர் உப்புப் பொட்டலம்.
முதல் ஊரில் யாரோ கொடுத்தது.
எதற்கென்று தெரியாமல்
இருபத்தைந்து வருடமாகச் சுமந்திருக்கிறேன்.

எட்டரைக்குப் பலூன் விட வேண்டும்.
காற்று கிழக்கிலிருந்து, நொடிக்கு ஏழு மீட்டர்.
ஓநாய் கணவாயில் நின்றுகொண்டிருக்கட்டும்,
இடைநிறுத்தத்தில், வாயைத் திறந்தபடி.